எடை குறைந்த காலை

என் வேலை மண்ணை நிறுப்பது. கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு "அதுக்குமா ஒரு ஆளு?" என்பார்கள். ஆள்தான். மலைச்சரிவின் நடுவில், எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால், தரைக்குள் ஒரு சிமெண்டுக் குழி இருக்கிறது. குழிக்குள் இரண்டு மீட்டர் அகலத்தில் ஓர் இரும்புத் தொட்டி. தொட்டி நிறைய இதே மலையின் மண், மண்ணின் மேல் இதே மலையின் புல். வெளியிலிருந்து பார்த்தால் புல்லுக்குள் வட்டமாக ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். தொட்டிக்கு அடியில் எடைக்கருவிகள் உண்டு. என் மேசையில் இருக்கும் திரையில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எண் மாறும். ஒன்பது டன் சொச்சம்.

வெயில் நாளில் அந்த எண் இறங்கும். புல் வேரால் உறிஞ்சி இலை வழியாக வெளியே விடும் தண்ணீர் அது. நல்ல வெயிலென்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோ வரை கண்ணுக்குத் தெரியாமல் மேலே போகும். மழை பெய்தால் எண் ஏறும். மண்ணால் பிடித்துவைக்க முடியாதது அடியில் ஒரு குழாய் வழியாகச் சொட்டி, தனியாக எடை காட்டும் ஒரு கேனில் விழும். மேகத்திலிருந்து மண்ணுக்கு வந்தது எவ்வளவு, மண்ணிலிருந்து மேகத்துக்குத் திரும்பியது எவ்வளவு, அடியில் இறங்கியது எவ்வளவு என்று தினமும் எழுதிவைப்பதுதான் என் பிழைப்பு. அலுவலகத்தில் எனக்குப் பெயர் தராசு. முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது என்று பேசிவைத்துக்கொண்டு எல்லாரும் முகத்துக்கு நேரேதான் சொல்வார்கள்.

இதெல்லாம் ஆராய்ச்சிக்காக மட்டும் இல்லை. சரிவின் கீழே, சாலைக்காக மலையை வெட்டிய இடத்தை ஒட்டி, வரிசையாகப் பதினொரு வீடுகள் இருக்கின்றன. தொட்டியின் எடை ஒன்பதாயிரத்து நானூறைத் தாண்டினால் மலைக்கு இனி ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது என்று பொருள். நான் நகரத்தில் இருக்கும் பொறியாளருக்குச் சொல்வேன். அவர் உத்தரவு போடுவார். பதினொரு வீட்டுக்காரர்களும் பாய் தலையணையோடு எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். அந்த வரிசையில் ஏழாவது வீடு என் தங்கையுடையது. குழந்தை பிறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. அவள் புருஷன் லாரியோடு நான்கு நாள் தூரத்தில் இருந்தான்.

அந்த மழைக்காலத்தில் ஏற்கனவே ஒரு முறை எல்லாரையும் கிளப்பினோம். மூன்று நாள் பள்ளிக்கூடத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். மலையிலிருந்து ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை. திரும்பிப் போகும்போது ஒவ்வொருவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். இரண்டாம் முறை எண் தாண்டியபோது தயங்கித் தயங்கித்தான் தொலைபேசியை எடுத்தேன். போனார்கள். இரண்டு ராத்திரி ஆயிற்று. மழை விடவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குத் திரையைப் பார்த்தேன். முந்தின நாள் மாலை ஒன்பதாயிரத்து நானூற்று முப்பத்தொன்று இருந்த எடை ஒன்பதாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறுக்கு வந்திருந்தது. நூற்று நாற்பது கிலோ குறைந்திருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மண் தண்ணீரை விட ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். பொறியாளருக்குச் சொன்னேன்.

"நல்ல சேதி சொன்னீங்கம்மா. பத்து மணி வரைக்கும் பாருங்க. குறைஞ்சுக்கிட்டே வந்துச்சுன்னா அனுப்பிடலாம்," என்றார்.

பத்து மணி வரைக்கும் பாருங்கள் என்றுதான் சொன்னார். அதை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். ஏழேகாலுக்குத் தங்கை கூப்பிட்டாள். பின்னால் நாற்பது பேர் சத்தம், அதற்கு மேல் குழந்தையின் அழுகை.

"அக்கா, தையல் போட்ட எடம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒரே ஒரு கழிவறை, வாசல்ல பன்னெண்டு பேரு. எடை ஏறுதா, எறங்குதா? அதை மட்டும் சொல்லு."

"எறங்குது."

"அப்ப வீட்டுக்குப் போலாமா?"

"போ," என்றேன்.

அவ்வளவுதான். ஒரே எழுத்து. அவள் மட்டும் போகவில்லை. 'தராசோட தங்கச்சியே கிளம்பிட்டா' என்று அடுத்த அரை மணிக்குள் பள்ளிக்கூட ஹாலே காலியாகிவிட்டது. எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

பத்து மணிக்கு அன்றாடக் கணக்கை எழுத உட்கார்ந்தேன். எடை ஒன்பதாயிரத்துப் பத்து. இன்னும் குறைந்திருக்கிறது. மொத்தமாக நானூற்று இருபது கிலோ தண்ணீர் தொட்டியை விட்டுப் போயிருக்கிறது. எங்கே போயிற்று? அடியில் இறங்கியிருந்தால் கேன் நிறைந்திருக்க வேண்டும். கேனின் எடை பூஜ்யம் காட்டியது, யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி. அப்படியென்றால் மேலே போயிருக்க வேண்டும். நல்ல வெயிலுக்கே ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோதான். நானூற்று இருபது கிலோ மேலே போக முப்பத்தைந்து வெயில் நாள் வேண்டும். போன பதினேழு மணி நேரத்தில் சூரியனை யாரும் பார்க்கவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது. காற்றே ஊறிப்போய்க் கிடந்தது, என் ஈரத் துண்டுகூட இரண்டு நாளாகக் காயவில்லை.

தண்ணீர் மாயமாக மறையாது. மண்ணில் இருக்கும், மேலே போகும், கீழே போகும். நான்காவது வழி கிடையாது. பதினாறு வருஷம் இதைத்தான் எழுதியிருக்கிறேன். பேனாவை வைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனேன்.

குழிக்குள் இறங்க ஓரத்தில் ஒரு இரும்பு மூடி உண்டு. அதைத் தூக்கி வெளிச்சம் அடித்தேன். ஏணியின் கீழ்ப்படிகளைக் காணோம். தரை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாகத் தண்ணீர் நின்றது. கேன் குப்புறக் கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தது. தொட்டியின் அடிப்பாகம் அரைச் சாணுக்கு மேல் தண்ணீருக்குள் இருந்தது. மலைப்பக்கத்துச் சுவரில் ஒரு விரிசல் வழியாகத் தண்ணீர் சேறும் சகதியுமாக உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது.

கிணற்றில் தண்ணீருக்குள் இருக்கும் வரை வாளியின் கனம் கைக்குத் தெரியாது. அதுதான் நடந்திருந்தது. தொட்டியிலிருந்து ஒரு சொட்டுகூடப் போகவில்லை. மலைக்குள் ஊறிய தண்ணீர் மட்டம் ஏறி ஏறிக் குழிக்குள் புகுந்து, தொட்டியை அடியிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தது. எண் குறையக் குறைய மலை நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் அதைப் பார்த்து நல்ல சேதி என்று சொல்லியிருக்கிறேன். ஒன்பது நாள் பிள்ளையோடு ஒருத்தியைப் 'போ' என்று அனுப்பியிருக்கிறேன்.

பொறியாளர் முதலில் நம்பவில்லை.

"மூடி வழியா மழைத் தண்ணி எறங்கியிருக்கும்மா. மூடியோட ரப்பரை மாத்தணும்னு போன வருஷம் நீங்கதானே எழுதியிருந்தீங்க?"

எழுதியிருந்தேன். ஒருவேளை அதுதானோ?

"சேறா வருது சார். மழைத் தண்ணி இப்படி வராது. செவுத்துலேருந்து வருது, மலைப்பக்கத்துச் செவுத்துலேருந்து."

"சரி, ஆள் அனுப்பறேன். மூணு மணிக்குள்ள வந்துடுவாங்க. அது வரைக்கும் நீங்களா எதையும் கிளப்பிவிடாதீங்க. ஒரு தடவை ஏமாந்திருக்காங்க. இன்னொரு தடவை ஏமாந்தா நாளைக்கு நெஜமாவே வரும்போது ஒருத்தரும் அசைய மாட்டாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. போனை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டேன். எல்லாரும் எட்டு மணிக்கே போய்விட்டார்கள் என்றாள் காவல்காரி. தங்கையைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஒன்பது முறை கூப்பிட்டேன். பிறகு மழைக்கோட்டைக்கூட மாட்டாமல் படிக்கட்டுப் பாதையில் இறங்க ஆரம்பித்தேன்.

இருபது நிமிடப் பாதை அது. எத்தனை முறை வழுக்கினேன் என்று நினைவில்லை, ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. வழியெல்லாம் ஒரே யோசனை. மலை இப்போதே விழுந்தால் என்ன செய்வது, விழாவிட்டால் இவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது. இரண்டும் மாறி மாறி வந்தன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சில படிகளில் இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிந்தது. கீழே வீடுகளுக்குப் பின்னால் ஒரு கல் சுவர் மலையைத் தாங்கி நிற்கும். அதில் தண்ணீர் வடிவதற்குத் துளைகள் உண்டு. எப்போதும் தெளிவாக ஒழுகும் துளைகளில் அன்றைக்குச் சேறு கொப்பளித்தது. அதைப் பார்த்த பிறகு யோசனையெல்லாம் நின்றுபோயிற்று.

தங்கை பின்கட்டில், மலைச்சுவரை ஒட்டிய அடுப்படியில், குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தூங்குகிறதே என்று போன் சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறாள்.

"என்னக்கா இது, சேத்துல புரண்டுட்டு வந்திருக்கே?"

"பிள்ளையத் தூக்கு. பள்ளிக்கூடத்துக்குப் போகணும்."

"வெளையாடறியா? இப்பத்தான் வந்து காலை நீட்டினேன். எறங்குதுன்னு நீதானே சொன்னே?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் கையில் சொம்போடு திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் அவள் முடியை நான் ஒட்ட வெட்டிவிட்டபோதுகூட, முடிதான் கோணலாக முளைத்திருக்கிறது என்று சாதித்தவள் நான். என் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே கிடையாது.

"என்ன சொன்னே?"

"தப்பாச் சொல்லிட்டேன்டி. என்னால உனக்கு இப்ப விளக்கமெல்லாம் சொல்ல முடியாது. கிளம்பு."

அவள் அடுப்பை அணைத்தாள். குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். அவளைச் சாலைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டு மற்ற கதவுகளைத் தட்டப் போனேன். பாதிப் பேர் என் கோலத்தைப் பார்த்தே கிளம்பினார்கள். மீதிப் பேரைத் திட்டினேன், கெஞ்சினேன், ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரைப் போர்வையோடு இழுத்தேன். கடைசி வீடு தையல்காரருடையது. கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் வந்து நின்றார்.

"காலையில போகச் சொன்னது யாரு? நீங்க. இப்ப வரச் சொல்றது யாரு? நீங்க. நடுவுல மலை ஏதாச்சும் சொல்லுச்சா?"

"சொல்லுச்சுங்க. எனக்குத்தான் புரியல."

"உங்களுக்கே புரியலன்னா எனக்கு எப்படிப் புரியும்? நாளைக்கு நாப்பது சட்டை குடுக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி உள்ளே போய், தையல் மிஷினின் தலையைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் சாலையைக் கடந்தாள். தையல்காரர் மிஷின் போன பக்கமாகவே வந்தார்.

பன்னிரண்டரைக்கு நாற்பத்தாறு பேரும் ஹாலுக்குள் இருந்தோம். மூன்று முறை எண்ணினேன்.

ஒரு மணிக்கு மழை நின்றது. இரண்டு மணிக்கு வெயிலே வந்துவிட்டது, அதுவும் சுள்ளென்று. எதிரே மலைமுழுக்கப் புல்லிலிருந்து ஆவி கிளம்பி மேலே போனது கண்ணுக்கே தெரிந்தது. ஜன்னலில் நின்று அதைப் பார்த்த எல்லாருக்கும் மலை காய்கிறது என்று தோன்றியிருக்கும். பன்னிரண்டு கிலோ, நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு தொட்டிக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டே கிலோ. உள்ளே ஊறியது அவ்வளவும் இந்த வழியாகப் போக மாதக்கணக்கில் ஆகும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"மேடம், இன்னிக்கு எடை என்ன? ஏறுமுகமா, எறங்குமுகமா?" என்றார் தையல்காரர். சிலர் சிரித்தார்கள். "துணி காயப் போட்டிருக்கலாம், நல்ல வெயில்," என்றாள் ஒருத்தி. "அவங்களுக்கென்ன, மேல உக்காந்துக்கிட்டு நம்மள உருட்டி விளையாடறாங்க," என்று ஒரு குரல் வந்தது. அது யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை சுவரில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எல்லாம் கேட்டது.

மூன்று மணிக்கு மேல் பொறியாளர் கூப்பிட்டார். அவர் அனுப்பிய ஆட்கள் குழியைப் பார்த்துவிட்டார்களாம்.

"ரப்பர் கிழிஞ்சுதான்மா இருக்கு. செவுத்துலயும் ஒரு கீறல் இருக்குன்னு சொல்றாங்க. மோட்டார் போட்டு எறைச்சுட்டாங்க. திரும்ப ஊறுதான்னு பாக்கட்டும். அஞ்சு மணிக்கு ஒரு முடிவு சொல்றேன்."

"அது வரைக்கும் யாரையும் விடாதீங்க சார்."

"நானா விடறேன்? அவங்க சொந்த வீடும்மா."

ஐந்து மணி வரை யாரும் காத்திருக்கப் போவதில்லை. நான்கு மணிக்கே தையல்காரர் அளவு நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் பாயைச் சுருட்டினார்கள். நான் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு காலையும் குறுக்கே நீட்டி வழியை அடைத்தேன். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"நகருங்க," என்றார்.

"அஞ்சு மணி வரைக்கும்."

"எதுக்கு?"

எனக்கு நேராக மலை நின்றது, பச்சைப் பசேலென்று, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி. அந்தப் பதினொரு வீட்டுக் கூரைகளும் வெயிலில் மின்னின. அப்போதுதான் நான் ஆரம்பித்தேன். விழு, என்றேன் வாய்க்குள். விழுந்து தொலை. இவர்கள் என்னைத் தாண்டிப் போவதற்குள் விழு. உயிர் பிழைக்கட்டும் என்பதற்காகத்தான் அப்படி வேண்டினேன் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி, இந்த நாற்பத்தைந்து பேர் முன்னால் நான் பொய்க்காரியாக எழுந்து நிற்கக் கூடாது என்பதற்காக. பதினாறு வருஷம் மண்ணை நிறுத்தவள், என் கணக்கு சரியாக வர வேண்டும் என்பதற்காக. அதற்கு விலையாக ஏழாவது வீட்டையும் சேர்த்துத்தான் கேட்டேன். விழு, விழு என்று உதடு அசைந்துகொண்டே இருந்தது.

நான்கு இருபதுக்குத் தையல்காரர் பொறுமை இழந்து என் காலைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினார். அப்போது மலையிலிருந்து லாரி ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம் வந்தது. முதலில் கல் சுவரின் நடுவில் வயிறு முன்னால் தள்ளியது. பிறகு அதற்கு மேலே இருந்த புல்வெளி மடிப்புக் கலையாமல் அப்படியே கீழே இறங்கியது. மரங்கள் நின்றவாக்கிலேயே நகர்ந்தன. நான்காவது வீட்டிலிருந்து பதினொன்றாவது வீடு வரை கூரை ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. நான் பத்து எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்தது. அதன் பிறகும் சேறு சாலையில் வந்து பரவிக்கொண்டே இருந்தது.

தையல்காரர் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. ஒற்றைக் காலில் நின்றபடி என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஹாலுக்குள் யாரோ பெருங்குரலில் அழ ஆரம்பித்தார்கள். பிறகு எல்லாரும் என்னிடம் வந்தார்கள். கையைப் பிடித்தார்கள், கும்பிட்டார்கள், சற்றுமுன் என்னை ஏசிய குரல் என்னைச் சாமி என்றது. எனக்கு அங்கிருந்து எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

கூட்டம் விலகிய பிறகு தங்கை வந்து என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. ஏழாவது வீடு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே புல் இருந்தது.

என்னால் அடக்கிவைக்க முடியவில்லை. "விழணும்னு வேண்டிக்கிட்டேன்டி," என்றேன். "இங்க உக்காந்துக்கிட்டு, விழு விழுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். உன் வீட்டையும் சேத்துத்தான்."

குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"தெரியும்," என்றாள். "உன் உதட்டைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நானும் அதையேதான் வேண்டிக்கிட்டேன்க்கா. உன்னைப் போயி எல்லாரும் அப்படிப் பேசறாங்களே, வேற என்னத்த வேண்டச் சொல்றே?"

அதற்குப் பிறகுதான் அவள் வீட்டுக்காக அழ ஆரம்பித்தாள்.